தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

வாசகர் கேள்வி – பதில்

காரைக்குடியில் முப்பத்தாறு ஆண்டுகள் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்புக் கடை நடத்தி ஓய்வு பெற்றவரும், மகள் குடும்பத்தோடு அமெரிக்காவில் சில வசந்த காலங்களைக் கழித்தவருமான நம் பதிலாசிரியர், வான்கோழி வேட்டைத் துப்பாக்கி குறித்து வந்த கடிதங்களுக்கு மட்டும் இவ்விதழில் விடையளிக்கிறார்.

கேள்வி: நான் கானாடுகாத்தானைச் சேர்ந்தவன். வயது 56. இருபத்திரண்டு ஆண்டுகளாக அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் நிரந்தர வசிப்புரிமையுடன் இருக்கிறேன். சென்ற வசந்த காலத்தில் உடன் பணிபுரியும் நண்பர், ஓசார்க் மலைப் பகுதியில் உள்ள தம்முடைய நிலத்துக்கு வான்கோழி வேட்டைக்கு அழைத்துச் சென்றார். அவர் இரவல் கொடுத்த 12 போர் (போர் என்பது குழலின் உள்ளளவைக் குறிக்கும் எண்) துப்பாக்கி மூன்றரைக் கிலோவுக்கு மேல் இருந்தது. மேட்டிலும் பள்ளத்திலும் அதைச் சுமந்து நடந்ததில், முன்பே அறுவை சிகிச்சை செய்துகொண்ட வலது தோள் வலித்தது. சேவல் நின்று நின்று நெருங்கி வர இருபது நிமிடம் ஆயிற்று; அதுவரை துப்பாக்கியை ஏந்தியிருந்த இடக்கை நடுங்கியதால் அவசரப்பட்டுச் சுட்டுத் தவறவிட்டேன். சுட்ட உதையில் தோள் கன்றிப்போய் ஒரு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. இரண்டரைக் கிலோ அளவில் 12 போரிலேயே மிக இலேசான துப்பாக்கி விற்கிறார்கள், அதை வாங்கலாமா? என் மனைவியும் உடன் வர விரும்புகிறாள். அவள் ஐந்தடி உயரம். எச்1பி விசாவில் இருக்கும் மருமகனுக்கும் ஆசை உண்டு. சகோதரி மகள் திருமணத்துக்காக இப்போது ஊருக்கு வந்திருக்கிறேன். திரும்பிப் போவதற்குள் தங்கள் யோசனை கிடைத்தால் நல்லது.
– கானாடுகாத்தான் வாசகர்

பதில்: இலேசான 12 போர் வாங்க வேண்டாம். எடை குறைய வேண்டும் என்று தாங்கள் நினைப்பது சரிதான். ஆனால், துப்பாக்கியின் எடையை மட்டும் குறைத்துவிட்டு அதில் போடும் தோட்டாவைப் பழையபடியே வைத்துக்கொண்டால், நடக்கும்போது மிச்சப்பட்ட சிரமத்தையெல்லாம் விசையை இழுக்கும் அந்த ஒரு நொடியில் தோள் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

எடை என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனித் தொல்லைகளைத் தாங்கள் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். மேடேறும்போது தோளில் தொங்கும் எடை ஒன்று. மரத்தடியில் அமர்ந்து பறவைக்காகக் காத்திருக்கையில் இடக்கை ஏந்தும் எடை மற்றொன்று. சுடும் கணத்தில் தோளில் வந்து மோதும் உதை மூன்றாவது. துப்பாக்கி இலேசானால் முதல் இரண்டும் குறையும், மூன்றாவது கூடும். முதலாவதற்கு அகலமான ஒரு தோள்வாரும், இரண்டாவதற்கு ஒரு முட்டுக்கோலும் வாங்கினாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். அறுவை சிகிச்சை செய்த தோளைக் கெடுப்பது மூன்றாவதுதான். ஆகவே துப்பாக்கியை அதைக் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணக்குப் பார்ப்பது நம் பக்கத்தாருக்குப் புதிதல்ல என்பதால் இதையும் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். ஒரே வகைத் தோட்டாவை இரண்டு துப்பாக்கிகளில் சுட்டால், உதையின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு எதிர்விகிதத்தில் அமையும். 3.6 கிலோ துப்பாக்கியிலிருந்து 2.7 கிலோ துப்பாக்கிக்கு மாறினால் எடையில் கால் பங்கு குறைகிறது. உதையோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. குழலைவிட்டு வெளியேறும் சரக்கைக் குறைத்தால் நிலைமை வேறு. ரவை என்னும் சிறு குண்டுகள், அடைப்பு, வெடிமருந்து எல்லாம் சேர்ந்ததே சரக்கு. வேகம் மாறாதவரை, அதன் எடையின் வர்க்கத்துக்கு ஏற்ப உதை குறையும். சரக்கில் கால் பங்கைக் குறைத்தால், 100 ஆக இருந்த உதை ஏறக்குறைய 56 ஆகிறது. இப்போது இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்: துப்பாக்கியும் கால் பங்கு இலேசு, சரக்கும் கால் பங்கு குறைவு. 56ஐ முக்காலால் வகுத்தால் 75. கையில் முக்கால் துப்பாக்கி, தோளிலும் முக்கால் உதை. முதலில் தோட்டாவைக் குறைத்து, அந்தத் தோட்டாவுக்கு ஏற்ற துப்பாக்கியைத் தேடுவதே முறை. தங்களுக்கு அது 20 போர்.

போர் எண் ஏறினால் குழல் சிறுக்கும் என்பது பலருக்குக் குழப்பமாக இருக்கிறது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள பன்னிரண்டு குண்டுகளாக வார்த்தால், ஒரு குண்டு எந்தக் குழலில் சரியாக நுழையுமோ அது 12 போர். இருபது குண்டுகளாக வார்த்தால் 20 போர். முதலாவதன் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், இரண்டாவதன் உள்விட்டம் சுமார் 15.6. குழல் சிறுத்தால் அதைத் தாங்கும் உடற்பகுதியும் சிறுக்கும். 12 போர் வேட்டைத் துப்பாக்கிகள் பெரும்பாலும் 3.2 முதல் 3.6 கிலோ வரை இருக்க, 20 போர் துப்பாக்கிகள் இரண்டரை முதல் மூன்று கிலோவுக்குள் அடங்கிவிடும்.

வான்கோழிக்கு 20 போர் போதாது என்று மிசூரியில் தங்களுக்குச் சொல்பவர்கள் இருப்பார்கள். ஈய ரவை மட்டுமே இருந்த காலத்தில் அதில் நியாயம் இருந்தது. வளர்ந்த சேவல் ஏழு கிலோவிலிருந்து பத்துக் கிலோவுக்கு மேலும் நிற்கும். மார்பில் கெட்டியான இறகும் தசையும் இருப்பதால் உடலில் சுடுவது வீண், பறவை காயத்தோடு புதருக்குள் ஓடி மறைந்துவிடும். தலையிலும் கழுத்திலும் மட்டுமே சுட வேண்டும். அந்த இலக்கு நம் கையின் இரண்டு மூன்று விரல் அகலந்தான். 40 கஜத் தொலைவில் அவ்வளவு சிறிய இடத்தில் நாலைந்து ரவையாவது எலும்பைத் துளைக்க வேண்டுமானால், ஏராளமான ரவைகள் நெருக்கமாகப் போய்ச் சேர வேண்டும். அதற்காகத்தான் 12 போரில் மூன்று அங்குல, மூன்றரை அங்குலத் தோட்டாக்களைத் திணித்துத் தோளைப் பழிகொடுத்தார்கள்.

டங்ஸ்டன் கலவை ரவை இந்த நிலைமையை மாற்றிவிட்டது. கடைகளில் அதை டி.எஸ்.எஸ். என்பார்கள். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.8 கிராம், ஈயம் 11 கிராமுக்குச் சற்று மேல். இந்தக் கலவையோ சுமார் 18 கிராம். ஒரு பொருள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சிறிய உருண்டையாக இருந்தாலும் வேகம் குன்றாமல் துளைத்துச் செல்லும். 2 மில்லிமீட்டர் விட்டமே உள்ள 9ஆம் எண் டங்ஸ்டன் ரவை, 3 மில்லிமீட்டர் உள்ள 5ஆம் எண் ஈய ரவைக்குத் துளைக்கும் திறனில் குறைந்ததன்று. சிறியது என்பதால் எண்ணிக்கை பெருகுகிறது. 12 போரின் 50 கிராம் ஈயத் தோட்டாவில் 5ஆம் எண் ரவை ஏறத்தாழ 300 இருக்கும். 20 போரில் 35 கிராம் டங்ஸ்டன் போட்டாலே 9ஆம் எண் ரவை 450 அளவில் வந்துவிடுகிறது. சரக்கு குறைந்து ரவை கூடுவது என்பது, வட்டியைக் குறைத்து வரவைக் கூட்டுவது போன்ற அபூர்வமான காரியம்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஐந்து தோட்டா கொண்ட ஒரு பெட்டி பெரும்பாலும் 40 டாலருக்கு மேல் விற்கும். பழகுவதற்கு அதைச் சுட்டுத் தீர்க்காதீர்கள். 25 கிராம் ஈயம் நிரப்பிய விலை மலிவான 20 போர் தோட்டாக்களில் பழகிவிட்டு, டங்ஸ்டனை இரண்டு மூன்று தடவை மட்டும் காகிதத்தில் சுட்டுப் பார்த்தால் போதும். அடுத்து, 20 போரிலும் 42 கிராமும் அதற்கு மேலும் திணித்த தோட்டாக்கள் உண்டு. கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்து மேசைமேல் வைப்பார். அதை வாங்கினால் மேலே போட்ட கணக்கு அத்தனையும் தலைகீழாகிவிடும். 32 முதல் 36 கிராம் வரையுள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

இனித் துப்பாக்கியின் வகை. கையால் முன்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப் வகை விலை குறைந்தது, பழுதும் குறைவு. ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 ஆகிய இரண்டும் 20 போரில் கிடைக்கின்றன. ஆயினும் தங்கள் தோளை எண்ணி, தோட்டாவின் வாயுவைக் கொண்டு தானே இயங்கும் வகையையே சொல்வேன். அதில் வாயுவின் ஒரு பகுதி உள்ளிருக்கும் உந்துதண்டைத் தள்ளுவதில் செலவாகி, உதை ஒரே அடியாக வராமல் சற்று நீண்ட தள்ளலாக வருகிறது. மொத்த உதை ஏறக்குறைய அதேதான். தோள் உணர்வது வேறு. பழைய ரெமிங்டன் 1100, இப்போதைய பெரெட்டா ஏ300 ஆகியவை இந்த வகை. தானியங்கியிலேயே வாயுவைப் பயன்படுத்தாமல், உதைக்கும்போது ஏற்படும் நிலைமத்தைக் கொண்டு இயங்குபவையும் இருக்கின்றன. பெனெல்லி எம்2 அத்தகையது. மிக இலேசானது, நேர்த்தியானது, அழுக்கு சேராதது. என்றாலும் தங்களுக்கு அது ஆகாது. எடையைப் பார்த்து அதில் மயங்கிவிடாதீர்கள். மூன்று கிலோவை ஒட்டிய வாயு வகை 20 போர், தடித்த ரப்பர் திண்டைத் தோள்பட்டைப் பக்கம் பொருத்தியது, குழல் 21 முதல் 24 அங்குலத்துக்குள் இருப்பது: இதுவே என் தேர்வு.

மூன்று கிலோவையும் இன்னும் குறைக்கலாமே என்று தோன்றும். கடை நடத்திய காலத்தில் நானே அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். கோட்டையூரிலிருந்து ஓர் இளைஞர் தம் இரட்டைக் குழலை எடுத்துவந்து, உரிமத்தில் உள்ள துப்பாக்கி மிகவும் கனக்கிறது, பின்கட்டையைக் குடைந்து எடையைக் குறைத்துத் தாருங்கள் என்றார். நல்ல அக்ரூட் (வால்நட்) மரக் கட்டை. அடித்தகட்டைக் கழற்றி உள்ளே இரண்டு நீளத் துளைகள் போட்டேன். வந்த மரத்தூளைத் தராசில் வைத்தே அவருக்குக் காட்டினேன். இருவருக்கும் மகிழ்ச்சி. சுடும் பயிற்சித் திடலில் முதல் தோட்டாவிலேயே அவருடைய கன்னத்தில் கட்டை அறைந்துவிட்டது. பின்புறம் இலேசாகிப்போனதால் குழல் பக்கம் கவிழ்ந்து, அதை நிமிர்த்த அவர் கழுத்தை நீட்டி, கன்னத்தைக் கட்டையில் சரியாக அமர்த்தாமல் சுட்டிருக்கிறார். மறுநாள் அந்தத் துளைகளில் ஈயத்தை வார்த்து அடைத்தேன். கூலி வாங்கவில்லை. துப்பாக்கியின் மொத்த எடையைவிட அது எங்கே நிற்கிறது என்பது முக்கியம். விசைக் காப்புக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் வைத்து நிறுத்தினால் ஏறத்தாழச் சமமாக நிற்க வேண்டும். கடையில் இதைச் செய்து பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

பறக்கும் கவுதாரிக்கும் காடைக்கும் அந்நாளில் நம் பொட்டல்களில் துப்பாக்கி ஏந்தியவர்கள், இலேசான துப்பாக்கி கையில் துள்ளும், குழல் சீராகச் சுழலாது என்று குறை சொல்வார்கள். அது பறவையைத் தொடர்ந்து குழலை வீசிச் சுடுபவர்களுக்குப் பொருந்தும். வான்கோழியை அப்படிச் சுடுவதில்லை. அசையாது அமர்ந்து, நிற்கும் தலையைக் குறிபார்த்துச் சுடுவது அது. ஆகவே அந்தக் குறையை இங்கே கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தங்கள் மனைவிக்குத் துப்பாக்கியின் எடையைவிடக் கட்டையின் நீளமே பெரிய கேள்வி. கடைகளில் இருப்பவை பெரும்பாலும் விசையிலிருந்து கட்டை முடிவு வரை 14 அங்குலத்தை ஒட்டி அமைந்தவை. ஐந்தடி உயரமுள்ளவர் அதை ஏந்தினால் கை நீண்டு, உடல் பின்னுக்குச் சாய்ந்து, கட்டை தோளில் அமராமல் மேற்கையில் அமரும். உதை அங்கே விழுந்தால் கன்றாமல் என்ன செய்யும்? முழங்கையை மடக்கி அதன் மடிப்பில் கட்டையின் அடியை வைத்து, சுட்டுவிரல் விசையைத் தாராளமாக எட்டுகிறதா என்று பார்ப்பது எங்கள் கடையின் பழைய அளவுமுறை. துல்லியமானதன்று, ஆனால் தவறான துப்பாக்கியை வேண்டாம் என்று சொல்ல அது போதும். 12 முதல் 13 அங்குலக் கட்டையுடன் இளையோருக்கென்று விற்பவற்றையும், இடைத்துண்டுகளைச் சேர்த்தும் எடுத்தும் நீளத்தை மாற்றக்கூடியவற்றையும் கேட்டுப் பாருங்கள். பிந்தியது கிடைத்தால் இருவருக்கும் ஒரே துப்பாக்கி போதும். வசந்த கால வேட்டைக்கு யாரும் குளிருடை அணிந்துகொண்டு துப்பாக்கி அளவு பார்ப்பதில்லை. ஆனால் விடியற்காலையில் தடித்த சட்டையோடுதான் அமர்வீர்கள், அந்தச் சட்டையோடே அளவு பாருங்கள்.

இடக்கை நடுங்கியதைப் பற்றி. வான்கோழிக்கு மோப்பம் குறைவு, கண்ணோ மிகக் கூர்மை. நிறமும் தெரியும், தலையின் இரு பக்கமும் கண் இருப்பதால் ஏறத்தாழச் சுற்றிலும் காணும். சேவல் பார்வைக்கு வந்தபின் துப்பாக்கியைத் தூக்கினால் அது போய்விடும் என்பதால்தான் தாங்கள் இருபது நிமிடம் ஏந்தியிருக்க நேர்ந்தது. அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து, இடது முழங்காலை மடக்கி உயர்த்தி, முன்பிடியை அந்த முழங்காலில் வைத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்தே அமருங்கள். கை ஏந்த வேண்டியதில்லை, அணைத்தால் போதும். முழங்காலும் ஒத்துழைக்காவிட்டால், நம் வயல்காட்டில் பந்தலுக்கு முட்டுக்கொடுக்கும் கவைக்கோலைப் போன்ற மடிப்புக் கோல்கள் அங்கே விற்கின்றன. குழலின்மேல் சிவப்புப் புள்ளி காட்டும் சிறிய குறிகாட்டி ஒன்றைப் பொருத்திக்கொள்வதும் நல்லது. கோணலாக அமர்ந்து கன்னம் கட்டையில் சரியாகப் பதியாத வேளையிலும் அது குறியைத் தவறவிடாது. எடை நூறு கிராமுக்குள் அடங்கும்.

இன்னொன்று. சேவல் தோகையை விரித்து, இறக்கையைத் தரையில் உரசி, ஆடிக்கொண்டே நெருங்கி வரும். கானமயிலைப் பார்த்து ஆடிய வான்கோழி என்று நாம் சிறுவயதிலிருந்து கேலி செய்த அதே ஆட்டம். நேரில் பார்த்தால் கேலி செய்ய மனம் வராது. அந்த ஆட்டத்தின்போது தலையை மார்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். அப்போது சுடாதீர்கள். பெட்டையின் குரலை எழுப்பும் அழைப்புக் கருவியில் ஒரு சிறு ஒலி கொடுத்தால் ஆட்டத்தை நிறுத்திக் கழுத்தை நீட்டிப் பார்க்கும். அந்தக் கணமே தங்களுடையது. தாங்கள் தவறவிட்டது நடுங்கிய கையால் மட்டுந்தானா, ஆடிக்கொண்டிருந்த பறவையைச் சுட்டதாலா என்று நினைத்துப் பாருங்கள்.

துப்பாக்கி வாங்கியதும் வேட்டைக்குப் போகாதீர்கள். பழுப்புக் காகிதத்தில் 10 அங்குல விட்டத்துக்கு ஒரு வட்டம் வரைந்து, முதலில் 20 கஜத்திலும் பிறகு 30, 40 கஜங்களிலும் டங்ஸ்டன் தோட்டாவைச் சுட்டு, வட்டத்துக்குள் விழுந்த துளைகளை எண்ணுங்கள். நூறு துளை விழும் கடைசித் தொலைவே அந்தத் துப்பாக்கியின் எல்லை என்பது வேட்டைக்காரர்களிடையே வழங்கும் பழைய அளவு. குழல் வாயில் திருகிப் பொருத்தும் சோக் என்ற சுருக்கத்தை மாற்றினால் இந்த எண்ணிக்கை வெகுவாக மாறும்; மிக இறுக்கமான சோக்தான் எப்போதும் நல்லது என்று எண்ண வேண்டாம், சில வேளை ஒருபடி தளர்ந்ததே காகிதத்தில் சீரான வட்டம் போடும். டங்ஸ்டன் கடினமானது, அதற்கு ஏற்றது என்று குறிக்கப்பட்ட சோக்கை மட்டும் பயன்படுத்துங்கள். என் மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர், ஒவ்வொரு துளையிலும் பென்சிலால் சுழித்துச் சுழித்து எண்ணி, எண்ணிக்கையைக் காகிதத்தின் மூலையில் தேதியோடு எழுதி வைப்பார். அவர் கையில் இருந்ததும் 20 போர்தான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிசூரியில் 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். தங்கள் வயதுக்கு அது பொருந்தும். எச்1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசுச் சட்டத்தின் பொது விதி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் பெற்றிருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. மருமகன் உரிமம் எடுக்கும் வரை தங்கள் துப்பாக்கியை ஒரு நிமிடம் வாங்கிப் பார்ப்பதுகூட வேண்டாம். வசந்த காலத்தில் சேவல், அல்லது மார்பில் தாடி எனப்படும் மயிர்க்கற்றை தெரியும் பறவை மட்டுமே சுடத்தக்கது. சேவலின் தலையில் சிவப்பும் வெள்ளையும் நீலமும் இருப்பதால், அந்த மூன்று நிறத்திலும் கைக்குட்டைகூட வெளியே தெரியக் கூடாது. புதரின் மறுபக்கம் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரர் தங்களைப் பறவை என்று எண்ணிவிடுவார்.

கேள்வி: எங்கள் வளவு வீட்டில் ஐயா காலத்து ஆங்கிலேய இரட்டைக் குழல் 12 போர் துப்பாக்கி ஒன்று பெட்டகத்தில் இருக்கிறது. கையில் எடுத்தால் மூன்று கிலோகூட இராது. ஐயா காலமாகி எட்டு மாதம் ஆகிறது. டெக்சாசில் இருக்கும் என் தம்பி, வான்கோழி வேட்டைக்கு இலேசான துப்பாக்கி வேண்டும், அதை எடுத்துவரட்டுமா என்று கேட்கிறான். கொடுக்கலாமா?
– தேவகோட்டை வாசகி

பதில்: கொடுக்கக் கூடாது, அம்மா. அதற்கு முன்னால் அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. உரிமம் ஐயாவின் பெயரில் இருந்தது. அவர் காலமான பின் அந்தத் துப்பாக்கியைத் தாங்கள் வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, காலதாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ அதை ஒப்படைத்து இரசீது வாங்க வேண்டும். தேர்தல் வரும்போதெல்லாம் ஐயா கொண்டுபோய் ஒப்படைத்திருப்பாரே, அதே இடந்தான். குடும்பத்தில் ஒருவர் தம் பெயரில் உரிமம் பெற்ற பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதற்கு இங்கே தனி உரிமமும், அங்கே இறக்குமதி அனுமதியும் வேண்டும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தத் துப்பாக்கி அந்த வேட்டைக்கு ஆகாது. ஆங்கிலேயர் அதை இலேசாகச் செய்ததற்குக் காரணம், அதில் போட்ட தோட்டாவும் இலேசு. 30 கிராம் ஈயத்தை எண்ணிச் செய்தது அது. தோட்டா அமரும் அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலந்தான், அதாவது 65 மில்லிமீட்டர். இன்றைய வான்கோழித் தோட்டா மூன்று அங்குலம். நீளமான தோட்டாவும் சில வேளை அந்த அறைக்குள் நுழைந்துவிடும் என்பதே ஆபத்து. சுடும்போது அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். ஒப்படைக்கும்போது விற்பனையாளரிடம் குழலைக் கழற்றிக் காட்டச் சொல்லி வெளிச்சத்தில் பாருங்கள். பர்மாத் தேக்குத் தூணில் ஓடும் ரேகையைப்போலக் குழல் முழுவதும் சுருள் சுருளாக வரி தெரிந்தால், அது இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி இணைத்த டமாஸ்கஸ் குழல். பார்ப்பதற்கு அதைப்போல் அழகு வேறில்லை. இன்றைய மருந்து நிரப்பிய தோட்டா ஒன்றையும் அதில் சுடாதீர்கள்.

கேள்வி: எங்கள் தோப்பில் வான்கோழி வளர்க்கிறோம். மயில்களும் வந்து பயிரை அழிக்கின்றன. உரிமம் பெற்ற துப்பாக்கியால் இங்கேயே பழகிப் பார்க்கலாமா?
– பள்ளத்தூர் வாசகர்

பதில்: கூடாது. மயில் நம் தேசியப் பறவை, 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது, சுட்டால் சிறை. வளர்ப்பு வான்கோழியைக் கறிக்குத் தாங்கள் அறுத்துக்கொள்ளலாம். அதற்குத் துப்பாக்கி எதற்கு?

கேள்வி: என் மகன் ஜார்ஜியாவில் இருக்கிறான். பேரனுக்குப் பன்னிரண்டு வயது. அவனுக்கு 20 போரும் கனமாகத் தெரிகிறதாம். 410 வாங்கலாம் என்கிறான். மேலும், மகன் 12 போர் வைத்திருக்கிறான், மருமகள் 20 போர் வைத்திருக்கிறாள்; மூவரும் ஒன்றாகவே போகிறார்கள். கவனிக்க வேண்டியது உண்டா?
– புதுவயல் வாசகர்

பதில்: 410 என்பது போர் எண் அன்று; குழலின் விட்டம் 0.410 அங்குலம் என்பதையே அப்படிச் சொல்கிறார்கள். இரண்டேகால், இரண்டரைக் கிலோவில் கிடைக்கும். உதை மிகக் குறைவு. ஈயத் தோட்டாவோடு அது வான்கோழிக்குப் போதாது. 23 கிராம் டங்ஸ்டன் நிரப்பிய மூன்று அங்குலத் தோட்டாவில் 9ஆம் எண் ரவை முன்னூறுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் என்பதால், அதோடு பேரன் சுடலாம். தொலைவை மட்டும் 30 கஜத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த அளவுக் குழலுக்கு அனுமதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், அந்த ஆண்டின் வேட்டை விதிகளைப் படித்துவிட்டு வாங்கட்டும். பையனுக்கு ஒற்றைக் குழல், ஒரே தோட்டா போடும் வகையே நல்லது. இரண்டாவது தோட்டா இல்லை என்று தெரிந்தால் முதல் தோட்டாவுக்குக் காத்திருப்பான்.

இரண்டாவது கேள்வியைத் தாங்கள் கேட்டது நல்லதாயிற்று. 20 போர் தோட்டா 12 போர் குழலின் அறையில் நிற்காது. வழுக்கி உள்ளே போய், அறை முடிந்து குழல் குறுகும் இடத்தில் அதன் விளிம்பு மாட்டிக்கொண்டு நின்றுவிடும். பின்னாலிருந்து பார்ப்பவருக்கு அறை காலியாகத் தெரியும். சுட்டால் ஒன்றும் நடக்காது. தோட்டா போட மறந்துவிட்டோம் என்று எண்ணி 12 போர் தோட்டாவைப் போடுவார், அதுவும் சரியாக அமர்ந்துகொள்ளும். அடுத்த முறை விசையை இழுக்கும்போது முன்னால் இருக்கும் தோட்டாவும் சேர்ந்து வெடிக்கும். அப்படி வெடித்த குழல் ஒன்று வெளியூரிலிருந்து என் கடைக்கு வந்தது. பின்முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, வாழைப்பூ மடல் விரிவதைப்போல எஃகு மூன்று பக்கமாகப் பிரிந்திருந்தது; இடக்கை பிடித்திருந்த மரத்தில் பாதியைக் காணோம். சரிசெய்ய முடியுமா என்று கேட்டார்கள். துப்பாக்கியைப் பற்றித்தான் கேட்டார்கள். பிடித்திருந்தவருக்கு இரண்டு விரல் போயிருந்தது.

இதற்காகவே அமெரிக்காவில் 20 போர் தோட்டாவின் உறையை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். மகனுடைய 12 போர் பையில் மஞ்சள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வேட்டைச் சட்டையை மகனும் மருமகளும் மாற்றி அணிவதாக இருந்தால், வீட்டைவிட்டுக் கிளம்புமுன் எல்லாப் பைகளையும் மேசைமேல் கவிழ்த்துக் கொட்டி, அவரவர் தோட்டாவை அவரவரே எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.